கடல் கடந்த கதலீச்சரம்

(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழா அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் இத்திருக்கோயிலின் குடமுழுக்குப் பெருவிழா இனிது நிறைவேறியிருக்கின்றது. யாகசாலையில் எழுந்த மறையொலியும் திருமுறையொலியும் இன்னும் நம் செவிகளில் நிறைந்து நிற்கின்றன. பொன்னும் பொருளும் ஈந்தவர்கள், கல்லும் மண்ணும் சுமந்தவர்கள், கண்ணுறக்கம் நீத்து மேற்பார்த்தவர்கள் ஆகிய அனைவரும் இந்நாளில் வணக்கத்திற்கு உரியவர்கள்.

இவ்விழாவிற் பேசுமாறு திருப்பணிக் குழுவினர் பணித்தபொழுது, தலத்தின் பெருமையை உரைப்பதா, குடமுழுக்கின் தத்துவத்தை விரிப்பதா என்று எண்ணினேன். அவ்விரண்டையும் என்னினும் மிக்க புலவர் பெருமக்கள் இம்மேடையில் விளங்க உரைத்துவிட்டனர். ஆதலின், நம் நாட்டிற்கு நெடுந்தொலைவில், சீனக் கடற்கரையில் ஒருகாலத்தே விளங்கிய ஒரு சிவாலயத்தைப் பற்றியும், அதனைத் தன்னகத்தே கொண்டிருந்த துறைமுக நகரத்தைப் பற்றியும் சில சொல்லத் துணிந்தேன். மங்கல நாளில், வழிபாடு நின்றுபோன கோயிலைப் பற்றிப் பேசலாமோ என்று அன்பர்கள் ஐயுற வேண்டா. எதனால் விளக்கு அணைந்தது என்பதை அறிந்தவனே தன் வீட்டு விளக்கைக் கருத்தோடு காப்பான். இன்று திருப்பணி முடித்து நிற்கும் நமக்கு அந்நகரம் உரைப்பதொரு செய்தி உண்டு.

நகரும் அதன் பெயரும்

சீன நாட்டின் தென்கிழக்குக் கரையில், தைவான் தீவுக்கு எதிரே, புஜியான் என்னும் மாகாணம் இருக்கின்றது. அம்மாகாணத்தின் பழம்பெருந் துறைமுகம் சுவான்சௌ. இதனைக் குவான்சோ என்று எழுதுவாரும் உளர். சின்சியாங் என்னும் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்தது இந்நகரம். நம் காவிரிப்பூம்பட்டினம் ஆற்றின் கயவாயில் அமைந்தவாறு போன்றதே இதுவும்.

இந்நகருக்கு மற்றொரு பெயரும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் நகர மதிலைச் சுற்றிலும் செம்பூப் பூக்கும் ஒருவகை மரங்களை நட்டு வளர்த்தனராம். அம்மரத்தைச் சீனர் சித்துங் என்பர். அம்மரப் பெயரே நகரப் பெயராகி, அராபிய வணிகர் நாவில் சைத்தூன் என்று திரிந்து உலகெங்கும் பரவிற்று. அம்மரம் எது என்று வினவினால், நாம் முள்முருக்கு என்றும் கலியாண முருங்கை என்றும் சொல்லுகின்ற அதே மரந்தான். மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில் மிளகுக் கொடி படர்வதற்கென்று நட்டு வளர்ப்பதும் அதுவே. மிளகைத் தாங்கும் மரம் இங்கே. மிளகு சென்று இறங்கிய நகருக்கு அம்மரத்தின் பெயர் அங்கே! இறைவன் படைப்பில் இத்தகைய பொருத்தங்கள் பல.

1087ஆம் ஆண்டில் சீனப் பேரரசு இந்நகரில் கடல்வாணிக அலுவலகம் ஒன்றை நிறுவியது. அதன்பின் வந்த இருநூற்றைம்பது ஆண்டுகள் இந்நகரின் பொற்காலம். வெனிசு நாட்டு மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டிறுதியில் இத்துறையிலிருந்தே கப்பலேறித் தாயகம் திரும்பினார். அலெக்சாந்திரியத் துறைக்கு மிளகேற்றிய கலம் ஒன்று செல்லுமாயின் இத்துறைக்கு நூறு வரும் என்னும் கருத்துப்பட அவர் எழுதி வைத்தார். 14ஆம் நூற்றாண்டில் மொராக்கோ நாட்டு இபன் பதூதாவும் இந்நகர்த் துறையின் பெருமையை வியந்து கூறினார். 2021ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இந்நகரைச் சார்ந்த 22 இடங்களை ஒருசேர உலக மரபுச் செல்வமாக அறிவித்தது.

தமிழரும் சீனத்துறையும்

இந்நகருக்கும் தமிழருக்கும் யாது தொடர்பு? சோழப் பேரரசர்களின் தூதுக் குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனப் பேரரசரின் அவையை அடைந்தமையைச் சீன வரலாற்று நூல்கள் பதிந்துள்ளன. நாகைக் காரோணத் திருக்கோயிலில் முதலாம் இராசேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டு, சீனக்கனகம் என்று சீனத்துப் பொன்னைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. சுமத்திராத் தீவின் பரூசுப் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைச் சொல்லுகின்றது. வழிநெடுகத் தமிழ் வணிகரின் தங்கல்கள் இருந்தமை இதனால் விளங்கும்.

போக்கு ஒருவழியாக மட்டும் இருந்ததன்று. 14ஆம் நூற்றாண்டில் கடற்பயணம் செய்த வாங் தாயுவான் என்னும் சீனர், தாம் கண்ட நாடுகளைப் பற்றி எழுதிய நூலில், கடற்கரைச் சமவெளியொன்றில் நின்ற செங்கற் கோபுரத்தைக் குறிக்கின்றார். அதில் 1267ஆம் ஆண்டுக்குரிய சீன எழுத்துகள் இருந்தன என்றும் சொல்லுகின்றார். அவ்விடம் நம் நாகப்பட்டினமே என்பது அறிஞர் பலர் துணிபு. சீனர் நம் கரையில் தம் எழுத்தைப் பொறித்த 14 ஆண்டுகளுக்குள், தமிழர் சீனக் கரையில் தம் எழுத்தைப் பொறித்தனர். இனி அதனைக் காண்போம்.

ஒரு கல்லின் சொல்

1956ஆம் ஆண்டில் சுவான்சௌ நகரில் ஒரு கல் கிடைத்தது. அதில் தமிழ் வரிகளும், இறுதியில் ஒருவரி சீன எழுத்தும் இருந்தன. இன்று அக்கல் அண்மையிலுள்ள சியாமென் நகரில், அந்நகரப் பல்கலைக்கழகத்தாரால் காக்கப்பட்டு வருகின்றது. படித்தறிந்தோர் உரைக்கும் பொருள் இது: சகாப்தம் 1203, சித்திரைத் திங்கள். அஃதாவது கி.பி. 1281ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம். செகசை கான் என்னும் அரசரின் திருமேனி நலத்தின் பொருட்டு, அவ்வரசரின் ஆணைப்படி, தவச்சக்கரவர்த்திகள் என்னும் பட்டமுடைய சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீச்சரமுடைய நாயனாரை எழுந்தருளப் பண்ணினார். செகசை கான் என்பது அந்நாளில் சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானையே குறிக்கும் என்று அறிஞர் பலர் கருதுவர்.

அன்பர்களே! இச்சிறு கல்வெட்டில் பொதிந்துள்ள செய்திகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். 1279ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் சோழப் பேரரசு முடிவெய்தியது. அதே 1279ஆம் ஆண்டில் சீனத்தில் சுங் பேரரசும் வீழ்ந்தது. தூது விடுத்தும் தூது ஏற்றும் உறவாடிய இரண்டு முடிகளும் ஒருசேரச் சாய்ந்து இரண்டே ஆண்டுகள் கழிந்தபின் எழுந்தது கதலீச்சரம். ஆதலின் இது முடிமன்னன் தன் வெற்றிக்கு அடையாளமாக எடுத்த கோயிலன்று. தாயகத்து அரசு துணை நிற்க எடுத்த கோயிலும் அன்று. பிழைக்க வந்த நாட்டில், புதிதாக ஆள வந்த வேற்று மொழி வேந்தனின் இசைவைப் பெற்று, அவன் நலனுக்கே வேண்டிக்கொண்டு, அடியார்கள் எழுப்பிய கோயில் அது.

எழுந்தருளச் செய்தவரின் பெயர் சம்பந்தப் பெருமாள். காழிப் பிள்ளையாரின் திருப்பெயரைப் பிள்ளைக்கு இட்ட பெற்றோர் யாரோ, எவ்வூரோ! அப்பெயர் பருவக்காற்றேறிப் பல்லாயிரங் கல் கடந்து சீனத்துக் கல்லில் அமர்ந்தது. அவர் வணிகரோ, ஆசாரியரோ; பட்டத்தை நோக்கினால் தவநெறி நின்ற பெரியோர் என்றே தோன்றுகின்றது. கதலி என்பது வாழை. தலமரத்தை முன்னிட்டு இறைவனுக்குப் பெயரிடுவது நம் மரபன்றோ? அம்மரபு கடல் கடந்தும் மாறவில்லை.

நகரில் காணத்தக்கவை

அடியேன் எழுபதாண்டு கடந்த பின்னரே இந்நகரைக் காணும் பேறு பெற்றேன். யாத்திரைக் குழுவொன்றோடு சியாமென் வரை வானூர்தியிற் சென்று, அங்கிருந்து விரைவு இரயிலில் ஒருமணி நேரத்திற்குள் சுவான்சௌ அடைந்தோம். அன்பர்களுள் எவரேனும் அத்திசைக்குச் செல்ல நேர்ந்தால் தவறாது காணவேண்டியவற்றைச் சொல்லுகின்றேன்.

முதலாவது கையுவான் என்னும் பௌத்தப் பெருங்கோயில். 686ஆம் ஆண்டில் தோன்றியது என்பர். வாயிலைக் கடந்தால் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு கருங்கற் கோபுரங்கள். இரண்டும் 13ஆம் நூற்றாண்டின் வேலைப்பாடு. கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 48 மீட்டர், மேற்குக் கோபுரம் 44 மீட்டர் உயரம். நடுவே பெருமண்டபம். அதன் முன்னுள்ள மேடையின் அதிட்டானத்தில் சிங்க உருவங்களும், மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவங்களுமாக 73 புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக உள்ளன. அவை பௌத்தக் கோயிலுக்கென்று செய்தவையல்ல. நம்மவர் கோயிலொன்றிலிருந்து கொணர்ந்து பதித்தவை என்பது சிற்பம் அறிந்தார் முடிபு.

மண்டபத்தைச் சுற்றிப் பின்புறத் தாழ்வாரத்திற்குச் சென்றால், நடுவில் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. அவற்றின்மேல் வட்ட வடிவப் பதக்கங்களில், இரணியன் மார்பைப் பிளக்கும் நரசிங்கப் பெருமான், உரலோடு மருத மரங்களிடை தவழ்ந்த கண்ணன் முதலிய உருவங்கள். சைவனாகிய அடியேனும், உடன்வந்த வைணவ அன்பரொருவரும் அத்தூண்களின் முன்னர் நெடுநேரம் நின்றோம். சுற்றிலும் சீனத்து அன்பர்கள் ஊதுவத்தி ஏந்திப் புத்தர் பெருமானை வணங்கிய வண்ணம் இருந்தனர். நம் கதைகளைச் சொல்லும் தூண்கள் அவர்தம் கூரையைத் தாங்கி நிற்பதை எவரும் வேற்றாகக் கருதியதாகத் தோன்றவில்லை.

அக்கோயில் வளாகத்திலேயே ஒரு பழங்கப்பலின் உடல் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. 1974ஆம் ஆண்டில் ஹௌசூ என்னுமிடத்துக் கடற்சேற்றிலிருந்து அகழ்ந்தெடுத்தது அது. எஞ்சிய பகுதியே 24 மீட்டருக்கு மேல் நீளமுடையது. குறுக்குப் பலகைகளால் 13 அறைகளாகப் பகுக்கப்பட்டிருப்பதால் ஓரறையில் நீர் புகுந்தாலும் கலம் மூழ்காது. உள்ளே மணமரக் கட்டைகளும் மிளகும் குங்கிலிய வகைகளும் கிடைத்தன. ஏறக்குறைய கதலீச்சரம் எழுந்த காலத்துக் கப்பல் அது. நம் முன்னோர் எத்தகைய கலங்களை எதிர்ப்பட்டனர் என்பதை அங்கே கண்ணாற் காணலாம்.

ஜியூரி மலைக்கும் செல்லுதல் நன்று. கலங்கள் நலமே போய்வர நற்காற்று வேண்டி அரசு அலுவலர் அம்மலையில் வழிபாடு நிகழ்த்துவர். குளிர்காலத்து வாடைக்காற்றில் கலங்கள் தெற்கு நோக்கிப் புறப்படும். கோடையின் தென்காற்றில் வீடு திரும்பும். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்த அவ்வழிபாடுகளைப் பாறையில் பொறித்து வைத்துள்ளனர். காற்றை வேண்டித் தெய்வத்தின்முன் நின்ற அரசு அது. 1009ஆம் ஆண்டைச் சார்ந்த பள்ளிவாசலின் கல் வாயிலும், மானி என்பாரின் சமயத்தார் கல்லில் வடித்த அவர் உருவமும், கடலோடிகளைக் காக்கும் அன்னையாகச் சீனர் போற்றும் மாசூ தேவியின் கோயிலும் இந்நகரைச் சார்ந்தே உள்ளன. இத்தனை சமயத்தாரும் ஒரே துறையில் தத்தம் தெய்வத்தைத் தொழுது வாழ்ந்தனர் என்பது நினைந்து மகிழ்தற்குரியது.

நகரின் வடகிழக்கே லோயாங் பாலம் உள்ளது. 1053 முதல் 1059 வரை கட்டப்பெற்றது. சாய் சியாங் என்னும் அலுவலர் முன்னின்று முடித்தார். ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், நாள்தோறும் ஓதம் ஏறி இறங்குமிடத்தில், கல்லை அடுக்கினால் நிற்குமோ? அவர்கள் ஓர் அரிய வழி கண்டனர். ஆற்றின் அடியில் கற்களைப் பரப்பி, அவற்றின்மேல் சிப்பிகளை வளரவிட்டனர். சிப்பிகள் கல்லைப் பற்றிப் பெருகி, கல்லோடு கல்லைப் பிணைத்து ஒரே பாறைபோல் ஆக்கிவிட்டன. உயிருடைய சிப்பி உயிரில்லாத கல்லைக் காத்தது. இச்செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

அருங்காட்சியகத்தில் அரன்

சுவான்சௌ நகரின் கடல்வாணிக வரலாற்று அருங்காட்சியகம் 1959ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அங்கேதான் நம் கோயிற் கற்கள் பெரும்பாலும் உள்ளன. இந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் கிடைத்த இந்து சமயச் சிற்பக் கற்கள் முந்நூற்றளவின என்று கணக்கிடுவர். போதிகைகள், தூண் துண்டங்கள், கோட்டங்களின் மேலமைந்த தோரணப் பகுதிகள் என்று அவை பலதிறத்தன. அவை ஒரு கோயிலைச் சார்ந்தனவோ, ஒன்றின் மேற்பட்டவற்றைச் சார்ந்தனவோ, அமைதி மட்டும் ஐயமறச் சோழநாட்டு அமைதியே. கல்லோ அந்நாட்டுக் கல். நம் சிற்ப இலக்கணம் சொல்வாரும் சீனத்து உளி பிடிப்பாரும் கலந்து செய்த வேலை என்று கொள்ளலாம்.

அக்கற்களுள் ஒன்றில் யானையொன்று துதிக்கையில் மலரேந்திச் சிவலிங்கத் திருமேனிக்குச் சாத்துகின்றது. மற்றொன்றில் பசு இலிங்கத்தை வழிபடுகின்றது. சைவர்க்கு இவற்றை விளக்கவும் வேண்டுமோ? திருவானைக்காவில் யானை வழிபட்டதும், உடன் வழிபட்ட சிலந்தி மறுபிறப்பில் கோச்செங்கட் சோழராகி மாடக்கோயில்கள் எடுத்ததும் நம் சிறுவரும் அறிந்த வரலாறு. ஆன் பால் சொரிந்து வழிபட்ட தலங்களோ நம் நாட்டில் எண்ணில. ஊரைவிட்டுப் புறப்பட்ட அவ்வணிகர்கள் கப்பலில் மிளகோடு இவ்வரலாறுகளையும் ஏற்றிச் சென்றனர். விற்றுத் தீர்ந்தது மிளகு. தீராது நின்றன வரலாறுகள்.

ஆயினும் அன்பர்களே, அத்திருமேனியின் முன் நின்றபொழுது நெஞ்சம் கலங்கியது. மேலே மின்விளக்கு, பக்கத்தே பெயர்ச்சீட்டு. நீராட்டு இல்லை, மலர் இல்லை, அமுது இல்லை. அருங்காட்சியகத்துப் பொருளுக்கு மலர் சாத்துதல் முறையன்று; ஆதலின் யானை ஏந்திய அம்மலரையே என் மலராகப் பாவித்து, ஐந்தெழுத்தை உள்ளத்தே எண்ணி நின்றேன். எழுநூறு ஆண்டுகளாக அந்த யானை தன் பூசையை நிறுத்தவில்லை. நிறுத்தியவர்கள் மனிதர்களே.

பூசை எங்ஙனம் நின்றது?

அக்கோயிலை இடித்தவர் யார் என்று நாம் முதலில் வினவுவோம். வரலாறு அவ்வாறு ஒருவரை மட்டும் சுட்டிக் காட்டவில்லை. 1357 முதல் 1366 வரை இந்நகரில் அயல்நாட்டுப் படைவீரர் கிளர்ந்தெழுந்த பெருங்கலகம் நடந்தது. அதன் முடிவில் அயல்நாட்டார் பலர் கொலையுண்டனர், எஞ்சினோர் சிதறினர். அடுத்து வந்த மிங் அரசு 1371ஆம் ஆண்டில் தனியார் கடல்வாணிகத்தைத் தடை செய்தது. துறையும் மெல்ல மெல்லத் தூர்ந்தது. வணிகம் போயிற்று, வணிகர் போயினர், அர்ச்சகரும் ஓதுவாரும் போயினர். தொழுவார் இல்லாத கோயிலின் கற்கள் மதில் கட்டுவார்க்கும் மண்டபம் கட்டுவார்க்கும் எளிதிற் கிடைத்த கற்களாயின. 1281ஆம் ஆண்டில் பெருமானை எழுந்தருளச் செய்த நாளில் கூடியவர்கள், நூறாண்டு நிறைவதற்குள் இவ்வாறாகும் என்று கனவிலும் கருதியிருப்பரோ?

அக்கற்கள் மீண்டு வந்த வரலாறு வியத்தற்குரியது. 20ஆம் நூற்றாண்டில் பழைய மதிலை இடித்துச் சாலைகள் அமைத்தபொழுது சிற்பக் கற்கள் வெளிப்பட்டன. ஊ வென்லியாங் என்னும் பள்ளி ஆசிரியர் ஒருவர் அவற்றின் அருமையை உணர்ந்து, தேடித் தேடிச் சேர்த்தார். இந்து சமயக் கற்கள் மட்டுமல்ல; இசுலாமியர், கிறித்தவர், மானி சமயத்தார் ஆகியோரின் கற்களையும் வேற்றுமையின்றிக் காத்தார். 1957ஆம் ஆண்டில் அவை பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அவர் அரசரல்லர், செல்வரல்லர், நம் சமயத்தவரும் அல்லர். தவச்சக்கரவர்த்திகள் எழுந்தருளச் செய்த கோயிலின் எச்சத்தை ஏழு நூற்றாண்டு கழித்து ஒரு பள்ளி ஆசிரியர் காத்தார். அவருக்குச் சைவ உலகம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டது.

இன்னுமொன்று. நகரை அடுத்த சிற்றூரொன்றின் சிறுகோயிலில் நம் சிற்ப அமைதியில் வடித்த தேவியின் திருவுருவம் உள்ளது. நான்கு திருக்கரங்களோடு அமர்ந்த கோலம். அவ்வூரார் அன்னையைக் குவான்யின் என்னும் தங்கள் கருணைத் தெய்வமாகப் போற்றிப் பழமும் ஊதுவத்தியும் படைக்கின்றனர். தேவியின் பழம்பெயரை அறியார். வடித்தவர் நாட்டையும் அறியார். ஆயினும் வழிபாடு நடக்கின்றது. பெயரறிந்த நாம் கைவிட்ட அன்னையைப் பெயரறியாத அவர்கள் கைக்கொண்டனர். அருங்காட்சியகத்தில் கலங்கிய நெஞ்சுக்கு அச்சிறுகோயில் ஆறுதல் தந்தது.

மருந்தும் சிப்பியும்

இனி நம் கோயிலுக்கு வருவோம். நேற்றைக்கு முன்தினம் மூலவருக்கு மருந்து சாத்தினோம். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டுப் பொருளையும் இடித்துக் குழைத்துப் பீடத்தோடு திருமேனியைப் பிணைத்தோம். அட்டபந்தனம் என்று இதனைச் சொல்லுவர். பன்னிரண்டு ஆண்டு சென்றால் இம்மருந்து தளரும். மீண்டும் சாத்த வேண்டும் என்பது விதி. பெரியோர் ஏன் அழியாத பொருளைக் கொண்டு ஒரேமுறையாகப் பிணைத்துவிடவில்லை? பன்னிரண்டாண்டுக்கொருமுறை ஊரார் கூடுதல் வேண்டும் என்பதற்காகவே என்று அடியேன் கருதுகின்றேன். தந்தை சாத்திய மருந்தை மகன் புதுப்பிக்க வேண்டும். மகன் சாத்தியதைப் பேரன் புதுப்பிக்க வேண்டும். உண்மையான பிணைப்பு அதுவே. லோயாங் பாலத்துக் கற்களை உயிருள்ள சிப்பிகள் பற்றிக் காத்தவாறு, கோயிற் கற்களை உயிருள்ள அடியார்கள் பற்றிக் காக்க வேண்டும்.

நம் பழங்கல்வெட்டுகளின் இறுதியில் இது பன்மாகேசுவரர் இரட்சை என்று எழுதி முடிப்பது வழக்கம். அறத்தைச் செய்தவர் அரசரேயாயினும், அதன் காவலை அடியார் கூட்டத்தினிடமே ஒப்படைத்தனர். படையிடமும் பண்டாரத்திடமும் ஒப்படைக்கவில்லை. கதலீச்சரத்துக்கு இசைவளிக்க வேந்தன் இருந்தான். சிற்பம் வடிக்கக் கைவினைஞர் இருந்தனர். பொருள் கொடுக்க வணிகர் இருந்தனர். பன்மாகேசுவரர் கலைந்த நாளில் இரட்சையும் கலைந்தது. இறைவனுக்கு இதனால் இழப்பில்லை. எங்கும் நிறைந்த பொருளை எக்கலகமும் அழிக்கவியலாது. இழப்பு நமக்கே.

ஆதலின் திருப்பணிச் செல்வர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். முதலாவது, திருப்பணிக்கு ஈந்த கை நாட்பூசைக்கும் ஈதல் வேண்டும். கோபுரத்துக்குக் கொடுப்பார் பலர். விளக்கெண்ணெய்க்குக் கொடுப்பார் சிலர். ஒருகால பூசைக்கேனும் கட்டளை வைத்து, அது தலைமுறைதோறும் நடக்க வழிசெய்யுங்கள். அர்ச்சகரும் ஓதுவாரும் மெய்க்காவலரும் மனக்கவலையின்றி வாழ ஆவன செய்யுங்கள். அவர்கள் ஊரைவிட்டுப் போனால் கதலீச்சரத்துக் கதைதான்.

இரண்டாவது, பழங்கற்களைப் பேணுங்கள். திருப்பணி என்ற பெயரால் பல ஊர்களில் மணலை விசையோடு பீய்ச்சிக் கற்சுவரைத் தூய்மை செய்கின்றனர். அழுக்கோடு எழுத்தும் போய்விடுகின்றது. தரைக்குப் பளபளக்கும் சலவைக்கல் பதிக்கப் பழங்கற்களைப் பெயர்த்து வெளியே எறிகின்றனர். சம்பந்தப் பெருமாள் என்றொருவர் வாழ்ந்ததை இன்று நாம் அறிவது ஒரே ஒரு கல்லால். அக்கல்லின் எழுத்து தேய்ந்திருந்தால், சீனத்தில் 1281ஆம் ஆண்டில் எழுந்தருளிய கதலீச்சரமுடைய நாயனாரின் பெயரும் மறைந்தே போயிருக்கும். நம் கோயிலின் தென்சுவரிலும் எழுத்துகள் உள்ளன. உடைந்த துண்டாயினும் மதிலோரம் ஒரு மேடை அமைத்து அடுக்கி வையுங்கள். கல்வெட்டறிஞரைக் கொண்டு படியெடுத்து, அச்சிட்டு ஊருக்கு அளியுங்கள்.

மூன்றாவது, பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்து வாருங்கள். திருநாளில் தேங்காய் உடைக்க மட்டுமன்று. உழவாரம் பிடிக்கவும், திருமுறை ஓதவும், சுவரிலுள்ள எழுத்தைப் படிக்கவும் அழைத்து வாருங்கள். நம் பிள்ளைகள் இன்று அமெரிக்காவிலும் ஆசுத்திரேலியாவிலும் பொருள்தேடி வாழ்கின்றனர். அங்கெல்லாம் கோயில் எடுக்கின்றனர். சம்பந்தப் பெருமாளின் வழித்தோன்றல்களே அவர்கள். எடுத்த கோயிலில் அடுத்த தலைமுறையும் நின்று தொழுமோ என்பதே அங்கும் இங்கும் வினா. விடை, கல்லிலும் காரையிலும் இல்லை. அப்பிள்ளைகளின் நாவில் திருமுறை நிற்பதில் இருக்கின்றது.

பன்னிரண்டாண்டு சென்றபின் இத்திருக்கோயிலுக்கு மீண்டும் மருந்து சாத்தும் நாள் வரும். அந்நாளில் அடியேன் இருப்பது திருவருளின் வண்ணம். நீங்கள் இருப்பீர்கள், உங்கள் பிள்ளைகள் இருப்பார்கள். எட்டுப் பொருளையும் இடித்துக் குழைக்கும் கைகள் அன்று இவ்வூரில் குறைவற இருக்க வேண்டும் என்று எம்பெருமான் திருவடிகளை வேண்டி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.